வளர்ந்த பிள்ளையும் அவர் பார்க்கிற படமும்: வன்னிக் கிறிஸ்தவக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பெருநிலம் என்று வன்னி முழுக்கக் கிறிஸ்தவ வீடுகளில் திரும்பத் திரும்ப வருகிற சண்டை இது. பிள்ளைக்கு இருபது தாண்டிவிட்டது. வேலைக்குப் போகிறார், அல்லது கம்பஸில் படிக்கிறார். ஆனாலும் பார்க்கிற படத்துக்கும் கேட்கிற பாட்டுக்கும் விளையாடுகிற கேமுக்கும் வீட்டில் ஏச்சு விழுகிறது. பெற்றோரும் கேட்கிறார்கள், பிள்ளைகளும் கேட்கிறார்கள். இரு பக்கத்துக் கேள்விகளும் கீழே உள்ளன. 18 வயதுக்குக் குறைந்தவர்களின் விஷயம் வேறு. அவர்களுக்கு இதைப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

மகனுக்கு 23 வயது. எங்கள் வீட்டில் இருக்கிறார், எங்கள் சோற்றைச் சாப்பிடுகிறார். என்ன பார்க்கலாம், என்ன பார்க்கக்கூடாது என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லையா?

வீட்டைப் பற்றிச் சொல்ல உரிமை உண்டு. அவருடைய மனச்சாட்சிக்குள் புகுந்து தீர்ப்புச் சொல்ல உரிமை இல்லை.

ஹோலில் இருக்கிற ரிவியில் என்ன ஓடலாம், இரவு எத்தனை மணிக்குச் சத்தம் அடங்க வேண்டும், சின்னப் பிள்ளைகள் இருக்கும்போது எது வேண்டாம், இவையெல்லாம் வீட்டுக் காரியங்கள். அவர் தன் அறையில், தன் காசில் போட்ட டேட்டாவில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்க்கிற படம் அவருக்கும் ஆண்டவருக்கும் இடைப்பட்ட காரியம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. இலங்கையில் 21 ஆக இருந்த பராய வயது 1989இல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. 23 வயதுக்காரருக்கு வாக்குப் போடலாம், கலியாணம் கட்டலாம், கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்கலாம்.

வேதத்திலும் இதற்கு நேரான இடம் ரோமர் 14ஆம் அதிகாரம். ரோமாபுரிச் சபையில் இறைச்சி சாப்பிடலாமா, எந்த நாளை விசேஷமாகக் கொள்வது என்று ஆளுக்காள் சண்டை. பவுல் ஒரு பட்டியல் எழுதி அனுப்பி அதை முடித்து வைக்கவில்லை. "அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" என்றார். மற்றவனுடைய வேலைக்காரனைத் தீர்ப்பிட நீ யார் என்றும் கேட்டார்.

"இறைச்சி வேறு, ஆபாசம் வேறு" என்று நீங்கள் சொன்னால் அது சரியான பேச்சு. பவுலே வேசித்தனத்தைச் 'சொந்த விருப்பம்' என்று விட்டுவிடவில்லை. அதனால்தான் முதலில் ஒன்று செய்யச் சொல்கிறேன்: கடந்த மாதம் வீட்டில் எதெதற்குச் சண்டை வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஆபாசத்துக்கா? அல்லது கிரிக்கெட், காதல் படம், கொரிய நாடகம், குத்துப் பாட்டு இவற்றுக்கா? நான் கண்ட வீடுகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான். அது ரோமர் 14 பேசுகிற வகை.

சோற்றைச் சொல்லிக் காட்டுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். சம்பளத்தில் பாதியை அம்மாவின் கையில் கொடுக்கிற பிள்ளைக்கும் அதே வார்த்தைதான் விழுகிறது. அதைக் கேட்ட பிள்ளை படத்தை விடாது, வீட்டில் சாப்பிடுவதைத்தான் குறைக்கும்.

"உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்று கட்டளையே இருக்கிறதே?

இருக்கிறது. அது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் சொன்ன கட்டளையும் இல்லை. சீனாய் மலையடியில் நின்ற வளர்ந்த மனிதருக்கும் சேர்த்துச் சொன்னது. இயேசு அந்தக் கட்டளையை எடுத்துப் பேசும் இடத்தைப் பாருங்கள், மாற்கு 7. பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் 'கொர்பான்', கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பிக்கிறவர்களை அவர் கண்டிக்கிறார். கனம் என்பதை அங்கே அவர் பெற்றோரைத் தாங்குவதிலும் பராமரிப்பதிலும் வைத்துப் பேசுகிறார். கார்மென்ட் வேலைக்குப் போய் அப்பாவின் மருந்துக்குக் காசு கொடுக்கிற மகள் அந்தக் கட்டளையை ஏற்கெனவே கைக்கொள்கிறாள். அவள் இரவில் ஒரு மணித்தியாலம் நாடகம் பார்ப்பதால் அது அழிந்துபோகாது.

பிள்ளைகளுக்குக் கீழ்ப்படியச் சொன்ன பவுல் அடுத்த மூச்சிலேயே பெற்றோருக்கும் சொல்கிறார். கொலோசெயர் 3:21: "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்." முதல் வசனத்தைச் சுவரில் மாட்டியிருக்கிற வீடுகளை நிறையக் கண்டிருக்கிறேன். இரண்டாவதை மாட்டிய வீட்டை இன்னும் காணவில்லை.

எங்கள் பக்கத்தில் இது ஏன் இவ்வளவு பெரிய சண்டையாகிறது? கொழும்பில் இருக்கிற சொந்தக்காரருக்கு இது ஒரு விஷயமே இல்லை.

இந்த மண்ணில் பிள்ளையை இறுக்கிப் பிடிப்பதற்குக் காரணம் இருந்தது. போருக்கு வீட்டுக்கு ஒருவர் என்று கேட்ட காலத்தில், பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பங்கருக்குள்ளும் காட்டுக்குள்ளும் ஒளித்து வைத்த தாய்மார் இங்கே இருக்கிறார்கள். பிடித்துக்கொண்டு போகாமல் இருக்க 17, 18 வயதில் அவசரக் கலியாணம் செய்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். பிறகு ஷெல்லுக்குள் கையைப் பிடித்தபடி மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் ஓடினார்கள். பிடியை விட்டால் பிள்ளை இல்லை என்பது அன்று வெறும் பேச்சாக இருக்கவில்லை. அதற்குப் பிறகு செட்டிகுளம் முகாம், மீள்குடியேற்றம், தறப்பாள் கொட்டில், வீட்டுத்திட்டம். 2009இல் ஐந்தாறு வயதாக இருந்தவர்கள்தான் இன்று இருபதுகளில் நிற்கிறார்கள். அம்மாவின் கை இன்னும் தளரவில்லை. பல வீடுகளில் அப்பா இல்லை. இரண்டு பேருடைய பயத்தையும் அம்மா ஒருத்தியே சுமக்கிறா.

இன்னொன்றும் இருக்கிறது. பொருளாதாரத் தடை இருந்த 90களில் வன்னியில் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். படம் பார்க்க ஆசைப்பட்டால் ஜெனரேட்டரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் போட வேண்டும். அயலட்டை முழுக்க வந்து குந்தியிருக்கும். மகன் என்ன பார்க்கிறான் என்று அம்மாவுக்குத் தெரியும், ஏனென்றால் அவவும் அங்கேதான் இருந்தா. இப்போது திரை பிள்ளையின் முகத்துக்கு நேரே, பெற்றோருக்குப் பின்பக்கம். படங்கள் கெட்டுப் போய்விட்டன என்று பெற்றோர் சொல்கிறார்கள். அந்தக் காலப் படங்களிலும் குடி, கொலை, கற்பழிப்பு எல்லாம் இருந்தன. தாங்கள் வெளியே நிறுத்தப்பட்டுவிட்டோம் என்பதுதான் புதிதாக வந்த வலி என்று நான் நினைக்கிறேன். இதைப் பெற்றோர் தங்களுக்குள் ஒத்துக்கொண்டால் பேச்சின் தொனியே மாறும். "என்ன கண்றாவியப் பாக்கிறாய்?" என்று கேட்பதற்கும் "என்ன கதை பிள்ளை அது?" என்று கேட்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

எங்கள் சபையில் சினிமாவே பாவம் என்கிறார்கள். கத்தோலிக்கர் பார்க்கிறார்கள். யார் சரி?

ஒவ்வொரு திருச்சபையும் வந்த வழி வேறு. பெந்தெகொஸ்தே சபைகள் பரிசுத்தமாக்கப்பட்ட வாழ்வை வலியுறுத்திய எழுப்புதல் இயக்கங்களிலிருந்து வந்தவை. நாடகம், நடனம், மது, நகை எல்லாவற்றையும் உலகத்துக்குரியவை என்று விலக்குவது அந்த வழியில் பழைய வழக்கம். இலங்கையில் பெந்தெகொஸ்தே ஊழியத்தின் தொடக்க காலத்தவரான டென்மார்க் நாட்டு அன்னா லெவினியே மேடை நடிகையாக இருந்து அதை விட்டு வந்தவர். அப்படிப்பட்டவர்களின் சாட்சியில் வளர்ந்த சபைக்குத் திரை மீது சந்தேகம் இருப்பது விளங்கக்கூடியது. குடியிலிருந்தும் கடனிலிருந்தும் அந்தக் கட்டுப்பாடு மீட்டெடுத்த குடும்பங்களும் வன்னியில் உண்டு. அதைக் குறைத்துப் பேசக்கூடாது.

கத்தோலிக்கரோ கூத்தோடு வளர்ந்தவர்கள். மன்னார்ப் பகுதியில் புனிதர்களின் கதைகளை விடிய விடிய நாட்டுக்கூத்தாகவும் வாசாப்பாகவும் ஆடியவர்கள் பங்கு மக்கள்தான். தவக்காலத்தில் திருப்பாடுகளின் காட்சி மேடையேறுகிறது. மரியசேவியர் அடிகள் 1965இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் அரங்கையே ஊழியமாக எடுத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி ஓர் ஆணை வெளியிட்டு, பார்க்கிறவரும் கேட்கிறவரும் தங்கள் மனச்சாட்சியைச் சரியாக உருவாக்கிக்கொண்டு தெரிந்தெடுக்க வேண்டும் என்றது. வாசிக்கக்கூடாத நூல்களின் பட்டியலை உரோமாபுரி 1966இல் கைவிட்டது. அதற்காக எதையும் பார்க்கலாம் என்று ஆகவில்லை. தெரிந்தெடுக்கும் பொறுப்பு விசுவாசியின் தலையில் வந்தது.

அங்கிலிக்கன், மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபை வீடுகள் இந்த இரண்டுக்கும் நடுவே எங்காவது நிற்கும்.

எனவே உங்கள் சபை ஒழுங்கை நீங்கள் கைக்கொள்ளுங்கள். வளர்ந்த பிள்ளை அதே சபையில் தானாக விரும்பி ஞானஸ்நானம் எடுத்து அங்கத்தவராக இருந்தால், அந்த ஒழுங்கைப் பற்றி அவரிடம் கேட்பது நியாயம். அவர் அப்படி ஒப்புக்கொடுக்காதவர் என்றால், தான் ஏற்காத ஒழுங்கை மீறியதாக அவர் மேல் குற்றம் சாட்ட முடியாது.

பேய்ப் படம் பார்த்தால் வீட்டுக்குள் அசுத்த ஆவி வருமா?

படம் பார்த்ததால் ஆவி பிடித்தது என்று வேதத்தில் ஓரிடமும் இல்லை, திரையே இல்லாத காலத்து நூல் அது. மந்திரம், குறி, செய்வினை இவற்றைச் செய்வதை வேதம் தெளிவாக விலக்குகிறது. கதையில் பார்ப்பது செய்வதாகாது. ஆனால் பார்த்தபின் நித்திரை வராமல், தனியே இருக்கப் பயந்து, செபிக்கவும் மனம் வராமல் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு அது தகுதியான படம் இல்லை. அதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

ஒரு விஷயம். மாலையில் நீங்கள் பார்க்கிற இந்தியச் சீரியலிலும் மாமியார் மருமகளுக்கு மருந்து வைக்கிறா, சாமியார் பூசை செய்கிறார், பழிவாங்கல் மாதக்கணக்கில் ஓடுகிறது. பிள்ளைகள் இதை எங்களிடம் கட்டாயம் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

மகன் கோயில் திருவிழாவுக்கு இசைக்குழு பார்க்கப் போகிறான். நாங்கள் சைவத்திலிருந்து இரட்சிக்கப்பட்டு வந்தவர்கள். இதை எப்படிப் பொறுப்பது?

இது படத்தை விட ஆழமான காயம் என்பது எனக்கு விளங்குகிறது. நீங்கள் சொந்தக்காரரின் ஏச்சையும் ஒதுக்கலையும் தாங்கிக்கொண்டு விட்டு வந்த முற்றத்துக்கு மகன் சிரித்துக்கொண்டு போகிறான்.

முதலில் அவன் எதற்குப் போகிறான் என்று கேளுங்கள். வன்னியில் திருவிழா என்பது ஊரே கூடுகிற இடம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு எந்தச் சமயத்தவரும் போகிறார்கள். முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்து இந்த மண்ணின் சொந்தக் கலை. கூட்டாளிமாரோடு வெளிவீதியில் நின்று பாட்டுக் கேட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு வருகிறவன் வேறு. அருச்சனைத் தட்டோடு உள்ளே போகிறவன் வேறு.

கொரிந்துப் பட்டணத்தில் இதே பிரச்சினைதான். கடைத்தெருவில் விற்கிற இறைச்சி கோயிலில் படைத்ததாக இருக்கலாம். பவுல் 1 கொரிந்தியர் 10இல் மூன்று படியாகச் சொல்கிறார்: சந்தையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு, விசுவாசியாதவன் வீட்டில் விருந்துக்குக் கூப்பிட்டால் வைத்ததைச் சாப்பிடு, இது படைத்தது என்று ஒருவன் சுட்டிக்காட்டினால், அவனுடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடு. அதே அதிகாரத்தில் வழிபாட்டு மேசையில் பங்குகொள்வதை மட்டும் கடுமையாக மறுக்கிறார். மகனோடு இருந்து இந்த அதிகாரத்தை வாசிக்கலாம். கோடு எங்கே விழுகிறது என்று அவனே சொல்லட்டும். அவன் போடுகிற கோடு உங்கள் கோட்டுக்கு இரண்டு அடி தள்ளி இருக்கலாம். அதோடு வாழப் பழக வேண்டும்.

மகள் டிக்டொக்கில் ஆடுகிறாள். சனம் கதைக்கிறது. பாடகர் குழுவிலிருந்தும் நிற்பாட்டி விட்டார்கள்.

மகனும் இதே பாட்டுக்கு ஆடி வீடியோ போட்டால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? சிரித்துவிட்டுப் போவீர்கள் என்றால், இங்கே இருக்கிற பிரச்சினை பாவம் அல்ல, பெண்பிள்ளை என்பதுதான். மகனுக்கு ஒரு சுவிசேஷம், மகளுக்கு ஒரு சுவிசேஷம் கிடையாது.

சனம் கதைப்பதைக் காரணமாகச் சொல்லாதீர்கள். அதைக் கேட்கிற பிள்ளை, அம்மாவுக்கு என்னைவிட அயலட்டைதான் பெரிது என்று விளங்கிக்கொள்கிறாள். உங்களுக்கு உண்மையில் எது பயம் என்று சொல்லுங்கள். பயப்பட நியாயமான காரணங்கள் உண்டு: வீடும் வீதியும் தெரியும்படி வீடியோ போடுவது, வேலைத்தலத்தின் பெயரோடு சீருடை தெரிவது, லைவில் காசுப் பரிசு அனுப்பிக்கொண்டு நெருங்குகிற முகம் தெரியாத ஆண்கள், படத்தை எடுத்துத் திருத்தி மிரட்டுவது. கணக்கைப் 'பிரைவேட்' ஆக்குவது, இடம் காட்டுவதை நிறுத்துவது, தெரியாதவர்களின் செய்திகளை அடைப்பது, இவற்றை அவளோடு சேர்ந்து செய்யலாம். மிரட்டல் வந்தால் காசு கொடுக்கக் கூடாது, செய்திகளை அழிக்கவும் கூடாது. ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு பொலிஸில் முறையிடலாம். முக்கியமாக, மிரட்டல் வந்த அன்று அவள் முதலில் வந்து சொல்கிற ஆள் நீங்களாக இருக்க வேண்டும். இன்று ஏசுகிற ஏச்சு அந்த வாசலை அடைத்துவிடும்.

பாடகர் குழு விஷயத்தில், அவளிடம் நேரில் கதைக்காமல் நிற்பாட்டியிருந்தால் அது சரியான முறை இல்லை. நீங்கள் அவள் பக்கத்தில் நின்று, பொறுப்பானவரிடம் காரணத்தைக் கேளுங்கள். ஆட்டத்தோடு உங்களுக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும் கேளுங்கள்.

மகன் இரவிரவாகத் துவக்கால் சுடுகிற கேம் விளையாடுகிறான். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

இதை அவனிடம் இப்படியே சொன்னீர்களா, அம்மா? பெரும்பாலும் சொல்வது, "உது சாத்தான்ர விளையாட்டு" என்று. அதை அவன் கணக்கில் எடுக்க மாட்டான். "உந்தச் சத்தம் கேட்டா எனக்கு மாத்தளன் ஞாபகம் வருது தம்பி, நெஞ்சு படபடக்குது" என்று சொன்னால் எடுப்பான். அவனுக்கு அது விளையாட்டுச் சத்தம். உங்கள் உடம்புக்கு அது வேறு சத்தம். ஹெட்போன் போடச் சொல்லுங்கள். சுவருக்கு அந்தப்பக்கம் நீங்கள் படுத்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18ஐ அண்டிய நாள்களில் வீட்டில் கேம் வேண்டாம் என்று கேளுங்கள். கஞ்சி காய்ச்சுகிற வாரத்தில் அதை மறுக்கிற பிள்ளை குறைவு.

நடுக்கம் நாள்தோறும் வந்தால், நித்திரை கெட்டால், அது கேமோடு முடிகிற விஷயம் இல்லை. மாவட்ட வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு உண்டு. அங்கே போவது விசுவாசக் குறைவு அல்ல.

போனைப் பறிக்கலாமா? பாஸ்வேர்ட் கேட்கலாமா? நித்திரையில் எடுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். மூன்றும் வேண்டாம். பிடிபட்ட அன்றிலிருந்து அந்தப் பிள்ளை பொய் சொல்லப் பழகும்.

அப்படியென்றால் வீட்டில் என்ன விதிதான் வைக்கலாம்?

எல்லாருக்கும் பொதுவான விதி வைக்கலாம், அப்பாவுக்கும் சேர்த்து. சாப்பாட்டு நேரத்தில் போன் இல்லை. குடும்ப செப நேரத்தில் ரிவி இல்லை, சீரியலின் கடைசிக் கட்டமாக இருந்தாலும். சின்னவர்கள் முழித்திருக்கும்வரை ஹோலில் வயதுக்கு மிஞ்சிய படம் இல்லை. இதற்குத் தணிக்கைக் குறியீட்டைப் பார்க்கப் பழகுங்கள். இந்தியப் படங்களில் 'ஏ' என்றால் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. 2024இல் வந்த விதிகளின்படி 'யூஏ' சான்றிதழ் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. படத்தின் தொடக்கத்திலேயே அது தெரியும். தங்கச்சி பதினொரு வயது என்றால் 'யூஏ 16' படத்தை அண்ணன் ஹெட்போனோடு அறைக்குள் பார்க்கட்டும். விவாதம் தேவையில்லை.

டேட்டாக் காசை வேலை செய்கிற பிள்ளை தானே கட்டட்டும்.

ஞாயிறு பூசைக்கு வராமல் படுத்திருந்து படம் பார்க்கிறார்.

படம் இல்லாவிட்டாலும் அவர் வரப்போவதில்லை என்றால், நீங்கள் படத்தோடு சண்டை பிடித்துப் பயனில்லை. ஏன் கோயிலுக்கு வர மனமில்லை என்று கேட்க வேண்டும், பதிலைக் கேட்டுக்கொண்டிருக்கவும் வேண்டும். சில வேளை அங்கே அவரை யாரோ எல்லாருக்கும் முன்னால் அவமானப்படுத்தியிருப்பார்கள். சில வேளை ஆறு நாள் கூலி வேலையின் களைப்புத்தான். மாலைப் பூசைக்குச் சேர்ந்து போகலாமா என்று கேட்டால் வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

பாஸ்டரிடமோ சாமியிடமோ கொண்டுபோய்ச் சொல்லலாமா?

மத்தேயு 18:15 முதலில் தனியே போய்க் கதைக்கச் சொல்கிறது. பிள்ளைக்குத் தெரியாமல் சபையில் ஜெபக் குறிப்பாகக் கொடுப்பது அந்த ஒழுங்கை மீறுவது. 'என் மகள் கெட்ட வழியில் போகிறாள், ஜெபியுங்கள்' என்று பத்துப் பேருக்கு முன் சொன்னால், அடுத்த நாள் பஸ் தரிப்பிடத்தில் அவளுக்கு அது திரும்பி வரும். பிள்ளை சம்மதித்தால், அவருக்குப் பிடித்த ஒருவரோடு மூன்று பேரும் இருந்து கதைக்கலாம்.

அவர் அப்பா கனடாவில். வாட்ஸ்அப்பில் எடுத்து எல்லாருக்கும் ஏசுகிறார். நான்தான் பிள்ளையைக் கெடுத்தேனாம்.

தூரத்தில் இருக்கிறவருக்கு ஏசுவதைத் தவிரத் தகப்பனாக இருக்க வேறு வழி தெரியவில்லை. அந்த வேதனையை விளங்கிக்கொள்ளலாம், ஆனால் பழியை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. முறைப்பாடுகளை மட்டும் அவருக்கு அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். மகன் கிணறு இறைத்ததையும், அம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனதையும் சொல்லுங்கள். மகனும் அப்பாவும் சேர்ந்து கதைக்க ஒன்று வேண்டும். அது கிரிக்கெட்டாக இருந்தாலும் நல்லதுதான். ஒரே மட்சை இரண்டு நாட்டில் இருந்து பார்த்துக்கொண்டு கதைக்கிற அப்பாவும் மகனும் இருக்கிறார்கள்.

எப்போது உண்மையாகவே பயப்பட வேண்டும்?

காசு காணாமல் போனால். கேம் என்ற பெயரில் பந்தயம், சூது. ஒருவருக்கும் தெரியாமல் எடுத்த கடன். ஆபாசத்திலிருந்து மீள முடியாமல் தானே வெட்கப்பட்டு ஒதுங்குவது. பகலில் நித்திரை, இரவில் முழிப்பு என்று வேலையும் படிப்பும் விடுபடுவது. கூட்டாளிமாரையும் விட்டு, சாப்பாட்டையும் விட்டுக் கதவைப் பூட்டிக்கொள்வது. சாக வேண்டும் என்ற பேச்சு.

இவற்றில் எதற்கும் ஏச்சு மருந்தில்லை, செபத்தோடு ஆளும் உதவியும் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். சாவைப் பற்றிய பேச்சு வந்தால் பிள்ளையைத் தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.

(பிள்ளை கேட்பது) எனக்கு 22 வயது. கார்மென்ட் வேலை. வந்து ஒரு கொரிய நாடகம் பார்த்தால் அம்மா ஏசுகிறா. நான் என்ன செய்ய?

விடிய ஐந்து மணிக்கு எழும்பி, பஸ்ஸில் போய், நாள் முழுக்க மெசினில் இருந்து, இருட்டினபிறகு வந்து, பாயில் சரிந்து போனை எடுக்கிறீர்கள். ஒரு காதில்தான் ஹெட்போன். அம்மா கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்று மற்றக் காதைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். குசினியிலிருந்து வருகிற சத்தம்: "நாள் முழுக்க உந்தப் போன்தான்." நாள் முழுக்க நீங்கள் போனைத் தொடவே இல்லை. அந்த அநியாயம் சுடும்.

அம்மாவும் நாள் முழுக்க ஒருத்தரோடும் கதைக்காமல் இருந்தவ என்பதையும் பாருங்கள். வந்தவுடன் கால் மணித்தியாலம் குசினியில் குந்தியிருந்து அன்று நடந்ததைச் சொல்லுங்கள். பிறகு சொல்லுங்கள்: "அம்மா, ஒரு மணித்தியாலம் நாடகம் பாக்கப்போறன். எனக்கு அது களைப்பு ஆறுற நேரம்." அனுமதி கேட்கிற தொனி வேண்டாம், எதிர்க்கிற தொனியும் வேண்டாம். ஒருநாள் ஒரு பாகத்தை அவவோடு சேர்ந்து பாருங்கள். மாமியாருக்குப் பயப்படுகிற மருமகளும் சோற்றைப் பிசைந்து ஊட்டுகிற தாயும் கொரியாவிலும் இருக்கிறார்கள் என்று கண்டால் அவவே அடுத்த பாகத்தைக் கேட்கக்கூடும்.

ரோமர் 14 உங்களுக்கும் ஒன்று சொல்கிறது. கட்டுப்பாடு கூடினவரை விசுவாசத்தில் பலவீனர் என்று குறிப்பிட்டாலும், பலமுள்ளவர் அவரை அற்பமாக எண்ணக்கூடாது என்கிறது. அம்மம்மா செபமாலை சொல்லும்போது பாட்டைச் சத்தமாகப் போடுவது சுதந்திரம் அல்ல. 'அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது' என்று கூட்டாளிமாருக்கு முன் சிரிப்பதும் அப்படித்தான். எதைப் பார்க்கிறீர்கள் என்று ஒளிக்கவும் வேண்டாம்; ஒளித்துப் பார்க்க வேண்டிவருகிறது என்றால், அதை ஏன் ஒளிக்கிறேன் என்று உங்களையே ஒருமுறை கேளுங்கள். அம்மாவுக்குப் பயந்தா, உங்கள் மனச்சாட்சிக்குப் பயந்தா? முதலாவது என்றால் கதைத்துத் தீர்க்கலாம். இரண்டாவது என்றால் அந்தப் படத்தை மூடிவிடுங்கள்.

படச் சண்டையில் தொடங்கி, இப்போது மகன் எங்களோடு கதைப்பதே இல்லை. யார் முதலில் கதைப்பது?

நீங்கள். வயதில் மூத்தவர் முதலில் கதைத்தால் மரியாதை குறையாது. படத்தைப் பற்றி அந்த முதல் பேச்சில் எடுக்க வேண்டாம், வசனத்தையும் எடுக்க வேண்டாம். சாப்பிடக் கூப்பிடுங்கள். வேலைத்தலத்தில் நேற்று என்ன நடந்தது என்று கேளுங்கள். பதில் 'ம்' என்று மட்டும் வந்தால் அதோடு விடுங்கள், நாளைக்கும் கேளுங்கள். அன்று சொன்ன வார்த்தையில் ஏதாவது கூடிப்போயிருந்தால், 'நாயே' என்றோ 'சாத்தான்' என்றோ வந்திருந்தால், அதற்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள். "ஆனால் நீயும்" என்று தொடராமல் அங்கேயே நிறுத்துங்கள். கதைக்கத் தொடங்கிச் சில கிழமை போனபிறகு, வீட்டு விதிகளைச் சேர்ந்து இருந்து எழுதலாம். அவர் சொல்கிற விதியையும் ஒன்று சேருங்கள்.